நான் எழுதிய பதினொரு ‘இல்லை’

கிளினிக்கின் பொறுப்பாளர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். வரவேற்பு மேசைக்குப் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். இருபத்திரண்டு வருடம் அந்த மேசையில் இருந்தவள் என்ற முறையில் உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், ஊக்கம் தருவதாக இருந்தால் நல்லதாம். ஊக்கம் பற்றி எனக்கு உறுதியில்லை. மூவருக்கும் தமிழ் தெரியும், அதற்காகத்தான் எடுத்தோம் என்று அவர் பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்களில் ஒருவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று கேள்வி. மற்ற இருவரும் வாசித்துக் காட்டுங்கள்.

கணினி பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் காலத்தில் அதை நான்கு தரம் மாற்றினார்கள். ஒவ்வொரு தரமும் இது முந்தியதைவிடச் சுலபம் என்றார்கள். உங்களுக்கும் சொல்வார்கள்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில் குடும்ப வைத்தியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்கப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் வைத்தியர் புதிதாகப் பத்துப் பேரை எடுக்கப் போகிறார் என்றால், அந்தச் செய்தி கிளினிக்குக்கு வருமுன்பே எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்துவிடும். கலியாண வீட்டில் சோற்றுக் கோப்பையோடு நிற்கும்போது ஆட்கள் வந்து பக்கத்தில் நிற்பார்கள். “அக்கா, நீங்கள் மனம் வைச்சால் செய்யலாம்” என்பார்கள். நான் மனம் வைத்துத்தான் இருந்தேன். அரசாங்கம்தான் வைக்கவில்லை. அதை ஒருவரும் நம்பியதில்லை, இன்றைக்கும் நம்புவதில்லை.

இடம் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் இடம் கிடைத்து வருகிறவர்களை நன்றாகக் கவனிக்கலாம் அல்லவா. அதைத்தான் நான் செய்தேன். புதிய நோயாளி நிரப்ப வேண்டிய படிவத்தைத் தமிழ் ஆட்களின் கையில் கொடுக்கவே மாட்டேன். நானே பேனாவை எடுத்து, தமிழில் கேட்டு, நானே எழுதிவிடுவேன். ஐந்து நிமிடத்தில் முடியும். பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெயிட்டிக்காரத் தோழி அப்படியில்லை. அட்டையில் செருகிய படிவத்தையும் ஒரு பேனாவையும் நீட்டி, அங்கே போய் இருந்து நிரப்புங்கள் என்று தூரத்து நாற்காலியைக் காட்டுவாள். தன் சொந்த நாட்டு ஆட்களுக்கும் அப்படித்தான். ஈரமில்லாத மனுசி என்று நான் நினைத்ததுண்டு. அவளிடமிருந்து வரும் படிவங்களில் பாதி வெறுமையாக இருக்கும், வெட்டித் திருத்தி இருக்கும், ஓரத்தில் அம்புக்குறி போட்டு ஏதோ எழுதியிருக்கும். என்னுடையவை அச்சடித்த மாதிரி இருக்கும். வைத்தியரே ஒரு தரம் பாராட்டினார்.

அந்தப் படிவங்களின்படி பார்த்தால் எங்கள் ஆட்கள் அபார ஆரோக்கியம் உடையவர்கள். சீனியும் பிறஷரும் இருக்கும். அவை வசதியாக வாழ்கிறவர்களுக்கு வரும் வருத்தங்கள், சொல்வதில் வெட்கமில்லை. மற்றபடி மனநோய் என்கிற மனவருத்தம் ஒருவருக்கும் கிடையாது. வலிப்பு கிடையாது. கயரோகம் என்கிற காசநோய் ஊரிலேயே ஒருவருக்கும் வந்ததில்லை. ஆண்கள் குடிப்பதில்லை, குடித்தாலும் விசேஷங்களில் மட்டும். பல வருடங்கள் இதை எழுதிக்கொண்டே இருந்தேன், ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது.

இனி ஒரு மருமகளையும் ஒரு மாமியாரையும் பற்றிச் சொல்கிறேன். நோயாளிகளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது உங்களுக்கான முதல் விதி. ஆகவே இருவரிடமும் அனுமதி கேட்டேன். மருமகள் உடனே சரி என்றாள். மாமியார், தன்னைக் கொஞ்சம் மெலிவானவராக எழுதினால் சரி என்றார். அவர் மெலிவானவர்.

மாமியார் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் தங்கச்சி என்பார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவரையும் கணவரையும் மகனையும் நம் வைத்தியரிடம் பதிந்தவள் நான்தான். பிறகு அவர்கள் நகரத்தின் மேற்கு ஓரத்தில் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். இரண்டு பஸ்ஸும் மெட்ரோவும் எடுத்து இங்கேதான் வருவார்கள், ஏனென்றால் இந்த நகரத்தில் வீட்டை மாற்றலாம், வைத்தியரை மாற்ற முடியாது. மகனுக்கு மன்னாரில் பெண் எடுத்தார்கள். பெண் வந்து இறங்கிய நாளிலிருந்து மாமியார் வைத்தியரிடம் கெஞ்சிக் கெஞ்சி, ஒரே குடும்பம் என்று ஏழாம் மாதத்தில் மருமகளுக்கும் இடம் வாங்கிவிட்டார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதிவதற்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர்கள் இதைக் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள். நான் கவுன்டரில் வேலை செய்தவள், முக்கியமான விபரத்தை மேலே எழுதித்தான் பழக்கம். அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. ஊர் வைத்தியர் கொடுத்த குளிசையால் அது அடங்கியிருந்தது. வரும்போது ஆறு மாதத்துக்கான குளிசையை விற்றமின் போத்தலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அது முடிந்தால் இங்கே வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. அதோடு, அந்தக் குளிசை வயிற்றில் பிள்ளை தங்கினால் பிள்ளைக்கு ஆகாதது. அதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய வைத்தியர் பார்க்கப் போவது நான் எழுதும் படிவத்தை.

நான் பேனாவை எடுத்தேன்.

“ஒப்பரேஷன் ஏதும்?”

“இல்லை, அன்ரி.”

“மூச்சு முட்டுறது, இருதயம்?”

“இல்லை.”

“வலிப்பு?”

அவள் என்னைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்தாள். அதைக் கண்டேன். கண்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். மாமியார் சொன்னார்: “இல்லையெண்டு போடுங்கோ, தங்கச்சி. எல்லாம் விசாரிச்சுத்தானே எடுத்தனாங்கள்.”

“இல்லை, அன்ரி” என்றாள் பெண்.

பதினொரு கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். எடுக்கும் மருந்துகள் என்ற இடத்தில் விற்றமின் என்று எழுதினேன். அவள் கையெழுத்து வைத்தாள். முதற் சந்திப்புக்கு நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தேன். அதைவிடக் கிட்ட ஒரு நாள் இருந்தது. ஆனால் பதினொரு ‘இல்லை’ உள்ள ஒருத்திக்கு என்ன அவசரம்?

அந்த வியாழனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தொலைபேசி வந்தது. தோழி எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள், இரண்டொரு வார்த்தை சொன்னாள், வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் தமிழ்ப் பெண்களில் ஒருத்தி படிவத்தைத் திருத்த வேண்டும் என்கிறாள், வியாழன் பத்து மணிக்கு என்னிடம் வருவாள் என்றாள். என்னிடம் வரலாமே, நான் தமிழில் செய்து கொடுப்பேனே என்றேன். அதற்குத் தோழி, தமிழ் தெரியாத யாராவது இருக்கிறார்களா என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டாள் என்றாள்.

யார் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள்.

எனக்குச் சரியான கோபம். அதைவிட நெஞ்சு நொந்தது. இத்தனை வருடம் எங்கள் சனத்துக்கு ஒரு தமிழ்க் குரல் இருக்க வேண்டும் என்றுதானே அந்த நாற்காலியில் முதுகு நோக இருந்தேன். மூன்று நாள் தோழியோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் கதைத்தேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யாராக இருக்கும் என்று வரப்போகிற நோயாளிகளின் பட்டியலைப் பார்த்து யோசித்தேன். வியாழனில் நாலு தமிழ்ப் பெயர்கள் இருந்தன. நாலு பேரிலும் எனக்குக் கோபம் வந்தது. யாரென்று தெரியாததால் சமமாகக் கோபித்தேன்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குத் தோழிக்கு, அவள் பிள்ளையைப் பகலில் விடும் கார்டரியிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னாள்: புதுப் படிவம் என் மேசை லாச்சியில் அட்டையோடு இருக்கிறது, பத்து மணிக்கு வருகிறவளிடம் கொடு, ஒன்றும் கேட்காதே. போகப் போனவள் திரும்பி நின்று, உனக்கு அது கஷ்டம் என்று தெரியும் என்றும் சொன்னாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மேலங்கியில் பனியோடு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். “தங்கச்சி, வந்து ஒரு வருஷமாகப் போகுது. பிள்ளை தங்கிறதைப் பற்றி இண்டைக்கு டொக்டரிட்டை நானே கேக்கப்போறன்” என்றார் மாமியார். எங்கள் பெண்கள் தனியாக வைத்தியர் அறைக்குள் போவதில்லை. மாமியோ, மச்சாளோ, புருஷனோ கூடப் போய் இருந்து, வருத்தம் என்ன என்று வைத்தியருக்கு விளக்குவார்கள். அதை ஒரு ஆதரவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மருமகள் என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ் கண்ணுக்கு முன்னால் போவதைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“அன்ரி, மற்ற அவ வரேல்லையோ?”

“எந்த அவ?” என்றார் மாமியார் உடனே.

எனக்கு எல்லாம் விளங்கியது. எந்தக் கேள்வி என்றும் விளங்கியது, ஏனென்றால் அந்தப் பேனாவைப் பார்த்த பார்வை எனக்கு மறந்திருக்கவில்லை. என்ன செய்யலாம்? தமிழில் வாய் திறந்தால் மாமியாருக்குக் கேட்கும். மாமியாரை வெளியே இருக்கச் சொன்னால், ஏன் என்று பியர்பொன்ட்ஸ் போய்ச் சேரும்வரை அந்தப் பிள்ளையைக் கேட்பார். வைத்தியர் அறைக்குள் புகுந்து சொல்ல என்னிடம் ஒரு விபரமும் இல்லை, ஊகம்தான் இருந்தது. ஊகத்தை வைத்தியரிடம் சொல்வது நம் வேலையல்ல, இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

தோழியின் லாச்சியைத் திறந்தேன். அட்டையை எடுத்துப் பெண்ணிடம் நீட்டி, பிரெஞ்சில், முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னேன்: மாதாம், இது புதுப் படிவம், பழையது செல்லாது, நீங்களே நிரப்ப வேண்டும், ஜன்னல் பக்கம் போய் இருங்கள். அரசாங்க பிரெஞ்சு வகுப்புக்கு அவள் தினமும் போய் வருகிறாள் என்று மாமியார் பாடகர் குழுவில் சொல்லியிருந்தார். மாமியார் முப்பது வருடம் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிரெஞ்சில் சண்டை பிடிப்பார், வாசிக்க மாட்டார்.

“என்ன தங்கச்சி, எங்களோடையும் பிரெஞ்சோ?”

“புதுச் சட்டம், அக்கா. இனி நாங்கள் கேட்டு எழுதேலாது.”

“நல்ல சட்டம். இஞ்ச கொண்டா பிள்ளை, நான் சொல்லித்தாறன்.”

“அவ படிக்கிறாதானே, செய்யட்டும். அக்கா, திருநாளுக்கு ஆர் தனிய பாடுறதெண்டு தெரியுமே?” என்றேன். அதற்கு அவர் நின்றார். அதில் ஏழு நிமிடம் போனது. பெண் எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போது வைத்தியர் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். பெண் எழுந்து அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். திருநாள் பாட்டெல்லாம் இனி அவரை நிறுத்தாது. மருமகளுக்கு வைத்தியர் என்ன சொல்லப் போகிறார் என்பதைவிடக் கேட்க ஆசையான ஒன்றை நான் சொல்ல வேண்டும். அப்படி என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

“அக்கா, என்ர சின்னவன் கல்கரியில இல்லை.”

அவர் நின்றார். என் இளைய மகன் கல்கரியில் எண்ணெய்க் கம்பனியில் வேலை என்று குழுவில் சொல்லி வைத்திருந்தவள் நான்தான். அங்கத்தைய குளிரைப் பற்றிக்கூடச் சொல்லியிருந்தேன்.

“அப்ப எங்கை?”

“இஞ்சதான், ஆஸ்பத்திரியில. மனவருத்தம். இது இரண்டாந்தரம்.”

வைத்தியரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை, என் மேசைக்கு வந்தார். தொலைபேசி அடித்தது, நான் எடுக்கவில்லை. திட்டம் போட்டுத்தான் தொடங்கினேன். பாதியில் திட்டம் எங்கேயோ போய்விட்டது, அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் ஒருவரிடமும் சொல்லாததை வேலை நேரத்தில், சீருடையோடு, ஆறு நோயாளிகள் பார்த்திருக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவனுக்காக அழுகிறேனா எனக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

“நித்திரைக்கு என்ன குடுக்கினம்?” என்று கேட்டார் மாமியார். மருந்தின் பெயரைச் சொன்னேன்.

“அது வாயைக் காய வைக்கும். தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்கோ” என்றார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பெண் வெளியே வந்தாள். கையில் மடித்த சீட்டு இருந்தது. டொக்டர் என்ன சொன்னவ என்று மாமியார் கேட்க, “சில சோதனையள் செய்ய வேணுமாம் மாமி, பிள்ளையைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பமாம்” என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. கீழே மருந்துக்கடைக்குத் தான் மட்டும் போய் வருவதாகச் சொல்லி, மாமியாரை என்னோடு விட்டுவிட்டுப் போனாள். அவள் குளிசையைப் பாதியாக உடைத்து உடைத்துப் போட்டு இழுத்து வந்திருக்கிறாள் என்றும், இன்னும் ஐந்து நாளுக்குத்தான் இருந்தது என்றும் பிறகு அவளே சொல்லித் தெரியும்.

நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். மகனுடைய வருத்தம் மகனுடையது, அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன். “அப்ப நான் கல்கரியில இருந்து வந்திட்டன், என்னம்மா?” என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்ததைக் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். செய்தி பங்கு முழுக்கப் பரவியிருக்கும், யார் முதலில் அனுதாபத்தோடு வரப்போகிறார்கள் என்று பூசை முழுக்க யோசித்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பெண் வந்து, கல்கரியில் மகன் எப்படி, குளிரோ என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற மாமியார் சொன்னார்: “மைனஸ் முப்பதாம். பாவம் பிள்ளை.”

அந்த வியாழனுக்குப் பிறகு எல்லாருக்கும் அட்டையும் பேனாவும் கொடுத்துத் தூரத்து நாற்காலியைக் காட்டத் தொடங்கினேன். எழுத வராதவர்களை உள்ளே தாதியிடம் தனியாக அனுப்பினேன். என் படிவங்களும் வெட்டலும் திருத்தலுமாக வந்தன. இரண்டு மாதத்துக்குள் எங்கள் சனத்தின் ஆரோக்கியம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வைத்தியர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன் என்றேன்.

மருமகளின் குளிசையை வைத்தியர்கள் மெல்ல மெல்ல வேறொன்றாக மாற்றினார்கள். புருஷனுக்கு எல்லாம் முதலே தெரியுமாம், கலியாணத்துக்கு முன்னமே தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அவனுக்கும் தாயிடம்தான் பயம். வசந்தத்தில் இருவருமாகச் சேர்ந்து மாமியாரிடம் சொன்னார்கள். மறுநாள் மாமியார், குளிசை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அதன்பிறகு தினமும் அந்த மணிக்குக் குசினியிலிருந்து, குளிசையைப் போடு என்று மாமியின் சத்தம் வரும், தவறியதே இல்லை என்றாள் மருமகள்.

அதற்கு அடுத்த வாரம் மாமியார் தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். அவருக்கு அன்று சந்திப்பு ஒன்றும் இல்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும் என் மேசையில் கையை ஊன்றினார்.

“தங்கச்சி, எனக்கும் அந்த ஃபோம் ஒண்டு வேணும். தமிழில இருந்தால் நல்லம்.”

தமிழில் இல்லை, அக்கா, நான் கேட்டு எழுதட்டோ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். கேள்விகள் பதினொன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, அட்டையில் செருகி, பேனாவோடு கொடுத்தேன். பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்கிறவர் இருக்கிறார், என் கண்ணில் படாது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவரிடம் நான் கேட்டு எழுதிய படிவத்தில் பதினொரு ‘இல்லை’ இருக்கிறது. அழகான கையெழுத்து, என்னுடையது.

அரை மணித்தியாலம் கழித்து அவர் எழுந்து வந்தார். அட்டையைக் கவிழ்த்து நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“இடம் காணாது, தங்கச்சி. இன்னொரு தாள் தாங்கோ.”